முறத்தில் வாய் வைக்காத மாடு

கீழவயல், திருவரங்குளம் போஸ்ட்
8-1-1957

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை சொர்ணவல்லி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அய்யா, ஆத்தா, நான், இரண்டு பசு, ஒரு கிடேரி எல்லோரும் சுகம். அய்யாவுக்கு மட்டும் முழங்கால் வலி. அது மழைக்கு முன்னால் வரும். மழை வராவிட்டாலும் வரும். பட்டணத்துத் தண்ணீர் உங்களுக்கு ஒத்துக்கொண்டதா, மெஸ்ஸில் சோற்றுக்குச் சோடா உப்புப் போடுகிறார்களா என்று ஆத்தா கேட்கச் சொன்னாள்.

விஷயம் இதுதான். எனக்கு இரண்டு மாப்பிள்ளை வந்திருக்கிறது. ஒன்று, பொன்னமராவதி சோலையப்பன் மாமா மகன் நாகராசு. அவரை நீங்கள் அறிவீர்கள். மளிகைக் கடையில் உட்கார்ந்துவிட்டால் எழுப்பிவிட இரண்டு ஆள் வேண்டும். இன்னொன்று, கொடும்பாளூரில் சொசைட்டி குமாஸ்தா. அவரை நான் பார்த்ததில்லை, அவரும் என்னைப் பார்த்ததில்லை. அதனால் இதுவரை சண்டையில்லை.

யாரையும் பகைத்துக்கொள்ள அய்யாவுக்குத் தெம்பில்லை. வழக்கம்போல அய்யனார் கோயில் மாட்டிடம் விட்டுவிட்டார். போன வைகாசியில் உங்களுக்குப் பார்த்தது போலத்தான். அன்று ஒரு முறம் மதராஸில் எம்.ஏ., ஒரு முறம் வீட்டோடு வெள்ளாமை. மாடு மதராஸ் முறத்தில் வாய் வைத்த பிறகுதானே உங்களை ரயிலேற்றினார்? இப்போது ஒரு முறம் பொன்னமராவதி, ஒரு முறம் கொடும்பாளூர். இந்த மாதம் இருபத்தைந்தாம் தேதி வெள்ளிக்கிழமை வைக்கிறோம். எதிலும் வாய் வைக்காவிட்டால் பிறகு மறுபடி வைக்க வேண்டும். மூன்று தடவையும் வைக்காவிட்டால் ஒரு வருஷத்துக்கு அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. அப்படி நடந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நம் ஊர் மாடு தின்ன மாட்டேன் என்று சொல்கிற ஜாதியில்லை. வீட்டுக் கன்னிப்பெண் கையால் முறம் வைக்க வேண்டும் என்பதால் இந்த வருஷமும் வேலை எனக்குத்தான்.

இன்னொரு விஷயம். ஆலங்குடியில் எங்கள் ஆரோக்கியம்மாள் டீச்சரைப் பார்த்தேன். புதுக்கோட்டையில் ஆசிரியப் பயிற்சிக்கு ஜூன் மாதம் ஆள் எடுக்கிறார்களாம். என் எஸ்.எஸ்.எல்.சி. மார்க்குக்குக் கட்டாயம் இடம் உண்டு என்கிறார்கள். எனக்குப் போக ஆசை. நீங்கள் அய்யாவுக்கு ஒரு வரி எழுதினால் கேட்பார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கவும்.

சொர்ணவல்லி


திருவல்லிக்கேணி, சென்னை
16-1-1957

அன்புள்ள சொர்ணத்துக்கு அண்ணன் ஆத்மநாதன் ஆசிகள். நான் சுகம். வயிறு மட்டும் என் சொல் கேட்பதில்லை. அய்யாவின் முழங்காலுக்கு நொச்சி இலை ஒத்தடம் கொடு.

உன் கடிதம் கண்டு துள்ளிக் குதித்தேன். மாட்டைப் பற்றிச் சொல்கிறேன். இந்த டெர்மில் எங்கள் புரொபசர் நடத்துவதே மனம் என்றால் என்ன என்பதுதான். உடம்புக்குள் மனம் என்று ஓர் ஆள் உட்கார்ந்து வண்டி ஓட்டுவதாக நாம் நினைக்கிறோம். அப்படி ஓர் ஆள் கிடையாது. பசி, பயம், ஆசை, ஞாபகம் எல்லாம் இந்த உடம்பு உலகத்தோடு பழகும் விதங்கள். ஆகவே கண்ணை மூடிக்கொண்டு உள்ளே தேடினால் மனசு அகப்படாது. மழையையும் மண்ணையும் ஆராய்வது போல வெளியே நின்று பார்க்க வேண்டும், சோதிக்க வேண்டும்.

இதைக் கேட்டதும் நம் கோயில் மாட்டின் ஞாபகம் வந்தது. அதற்குப் பொன்னமராவதி தெரியுமா? மூவர் கோயில் வாசலில் ஒரு நாளாவது மேய்ந்திருந்தால் கொடும்பாளூர் தெரியும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் அது ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது. எதைக் கண்டு? புரொபசரிடம் சொன்னேன். "இதைக் கட்டுரையாக எழுது, ஆகஸ்டில் நம் சங்கத்தில் வாசிக்கலாம்" என்று தோளில் தட்டினார். அவர் யார் தோளிலும் தட்டுகிறவர் இல்லை.

நீதான் அங்கே என் கண். ஒரு நோட்டுப் போட்டு எழுது. மாடு எத்தனை மணிக்கு வந்தது, யார் எங்கே நின்றார்கள், எந்தக் காதை ஆட்டியது என்பது உட்பட ஒன்றையும் விடாதே. விஞ்ஞானத்தில் மறைக்கிற பேச்சே கிடையாது.

நீ எழுதியிருந்த மற்ற விஷயம் பிறகு பார்க்கலாம்.

ஆத்மநாதன்


கீழவயல்
29-1-1957

அன்புள்ள அண்ணனுக்கு நமஸ்காரம். எல்லோரும் சுகம். நொச்சி ஒத்தடத்தில் அய்யாவின் வலி வலது காலிலிருந்து இடது காலுக்குப் போயிருக்கிறது.

உங்கள் கடிதத்தை வழக்கம்போல அய்யாவுக்கு வாசித்துக் காட்டினேன். மாட்டுக்கு என்ன தெரியும் என்கிற இடத்தில் "மாட்டுக்கு என் கும்பிடு" என்று வாசித்தேன். மனம் என்று ஓர் ஆள் கிடையாது என்கிற இடத்தில் "எந்நேரமும் உங்கள் ஞாபகம்தான்" என்று வாசித்தேன். ஆத்தா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அய்யா கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கையெழுத்துப் போடுவதைத் தவிர அவருக்கு எழுத்துத் தெரியாதது நம் இருவருக்கும் நல்லது.

வெள்ளிக்கிழமை நடந்ததை நோட்டில் உள்ளபடி எழுதுகிறேன். காலை ஒன்பது மணி. தவிடும் ஊறவைத்த பருத்திக்கொட்டையும் போட்டு இரண்டு முறம், நடுவில் மூன்று முழம் இடைவெளி. மாடு வந்தது. இடது முறத்தை மோந்தது. வலது முறத்தை மோந்தது. பெருமூச்சு விட்டது. அப்புறம் ஊர் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, அசை போட ஆரம்பித்தது. இரண்டு காதும் ஆடின. ஒரு காக்காய் வந்து இரண்டு முறத்திலும் தின்றது, ஆனால் காக்காய் வாக்குக்கு நம் ஊரில் மதிப்பில்லை.

சோலையப்பன் மாமாவுக்குக் கோபம். "இது மாடா மாமியாளா? மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்குது!" என்றார். பூசாரி பிச்சைமுத்து வேளார், "சாமி யோசிக்குதுங்க. மாசி மாசம் மறுக்கா வெப்போம்" என்று முடித்துவிட்டார்.

வீட்டில் எலித் தொல்லை. பருத்திக்கொட்டை மூட்டை பாதியாகிவிட்டது என்று ஆத்தா புலம்புகிறாள்.

மனம் என்று ஒன்று தனியாக இல்லை என்றால், நான் கேட்ட பயிற்சி விஷயத்தை நீங்கள் எங்கே வைத்துவிட்டீர்கள் என்று தெரியவில்லை. தேடிப் பார்த்து எழுதவும்.

சொர்ணவல்லி


திருவல்லிக்கேணி
7-2-1957

அன்புள்ள சொர்ணத்துக்கு ஆசிகள். ஜலதோஷம் நீங்கலாக நான் நலம்.

அபாரமான சங்கதி! உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். மாடு முறத்தைப் பார்க்கவே இல்லை, சொர்ணம். அது மனிதர்களைப் பார்க்கிறது! சுற்றி நிற்பவர்களுக்குத் தங்களை அறியாமல் முகம் ஒரு பக்கம் சாயும், மூச்சு நிற்கும். மாடு அதைக் கண்டு நடக்கிறது. இந்தத் தடவை பாதிப் பேர் பொன்னமராவதிக்கு, பாதிப் பேர் கொடும்பாளூருக்கு. மாடு குழம்பி நின்றுவிட்டது. அடுத்த முறை மாட்டுக்கு எந்த முகமும் தெரியக் கூடாது. கண்ணைக் கட்டு, அல்லது திரை போடு.

பயிற்சி என்று கேட்டிருந்தாயே, நல்ல கேள்வி. மாட்டுக்கு யாராவது பயிற்சி கொடுத்திருக்கக் கூடும். வேளாரை விசாரி.

ஆத்மநாதன்


கீழவயல்
4-3-1957

அன்புள்ள அண்ணனுக்கு நமஸ்காரம். ஜலதோஷத்துக்கு ஆத்தா சுக்குப் பொடி அனுப்பியிருக்கிறாள். மூக்கில் போடுவதற்கு இல்லை, குடிப்பதற்கு.

மாட்டின் கண்ணைக் கட்டலாமா என்று கேட்டதற்கு வேளார் என்னை அடிக்காத குறை. "சாமி மாட்டுக் கண்ணக் கட்டவா? ஒன் கண்ணக் கட்டுறேன் வா" என்றார். சாமி காரியத்தில் மனுஷ முகம் குறுக்கே நிற்கக் கூடாது என்று அண்ணன் மதராஸில் விசாரித்து எழுதியிருக்கிறார் என்றேன். மதராஸ் என்றதும் ஒப்புக்கொண்டார்கள். சோலையப்பன் மாமாவின் எட்டு முழ வேட்டியைத் திரையாகக் கட்டினோம். மாமா துண்டோடு நின்றார். வந்திருந்த இருபத்து மூன்று பேரும் புளியமரத்தைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். அந்த நேரம் பார்த்துத் தபால்காரர் வந்து, "யாருங்க தவறிப்போனது?" என்று சைக்கிளை விட்டு இறங்கிவிட்டார்.

மாடு இந்தத் தடவை மோந்துகூடப் பார்க்கவில்லை. படுத்துவிட்டது.

மாட்டுக்கு நோய் என்று மாமா ஆலங்குடியிலிருந்து கால்நடை டாக்டரைக் கூட்டி வந்தார். அவர் வயிற்றைத் தட்டிப் பார்த்து, "இந்த ஊர்ல மனுசங்களவிட மாடு நல்லா இருக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு ஆயிற்று. இன்னும் ஒன்றுதான் பாக்கி. வைகாசி முதல் வெள்ளிக்கிழமை.

ஆத்தா எலிப்பொறி வாங்கி வைத்திருக்கிறாள். எலி விழவில்லை.

மாட்டுக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை, அண்ணே. எனக்குத்தான் பயிற்சி வேண்டும் என்று கேட்டேன். புதுக்கோட்டையில். இரண்டு வருஷம். டீச்சர் வேலைக்கு.

சொர்ணவல்லி


திருவல்லிக்கேணி
12-3-1957

அன்புள்ள சொர்ணத்துக்கு ஆசிகள். சுக்கு வேலை செய்தது. நலம்.

திரை போட்டும் மாடு தொடவில்லை என்றால் என் முதல் கருத்துப் போயிற்று. வருத்தமில்லை. தவறு என்று தெரிந்ததும் விடுவதுதான் விஞ்ஞானம். நேற்று இரண்டாவது கருத்து உதித்தது. உன் கடிதங்களைத் திரும்பப் பார்த்தேன். இரண்டு தடவையும் மாட்டின் பக்கத்திலேயே இருந்த ஆள் ஒருத்திதான். அது நீ! முறம் வைப்பவள். உனக்குக் கல்யாணம் என்றால் உள்ளூரப் பயம். பயந்தவர் வியர்வையில் ஒரு வாடை உண்டாம். மாடு அதை மோந்து பின்வாங்குகிறது. மூன்றாம் தடவை முறம் வைக்கும் முன்பும் பின்பும் உன் நாடித் துடிப்பை எண்ணி எழுது.

லீவுக்கு வந்ததும் அய்யாவிடம் பக்குவமாகப் பேசப்போகிறேன். படித்தவன் ஒருவன் இருக்கும் வீட்டில் மாட்டைக் கேட்டுக் கல்யாணம் செய்வது சரியில்லை. அய்யாவே யோசித்து முடிவெடுக்கட்டும்.

ஆத்மநாதன்


திருவல்லிக்கேணி
3-4-1957

அன்புள்ள சொர்ணத்துக்கு. மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு கார்டுகூட இல்லை. எல்லோரும் சுகம்தானே? நாடி எண்ணச் சொன்னதில் கோபமா?

உனக்கு ஒரு நல்ல செய்தி. சோலையப்பன் மாமா எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். மாட்டைப் பற்றி என் அபிப்பிராயம் கேட்டிருந்தார். நான் ஆறு பக்கம் எழுதினேன். மாட்டுக்குச் சம்பந்தம், ஜாதகம், சொசைட்டி எதுவும் தெரியாது, அதன் தலையில் இருப்பது புல்லும் தண்ணீரும் பற்றிய அறிவு மட்டுமே என்று விளக்கினேன். மாமா உடனே பதில் போட்டிருக்கிறார். "மாப்புள, நீ சொல்றதுதான் ஞாயம். மாடாவது வாக்காவது! ஒங்க அய்யாகிட்ட நானே பேசி, மூணாந்தடவ மொறமே வேணாம்னு சித்திரைக் கடைசியில பாக்கு மாத்தி நிச்சயம் பண்ணிர்றேன்" என்று எழுதியிருக்கிறார். நம் குடும்பத்தில் பகுத்தறிவுக்கு வந்த முதல் ஆள் அவர்தான். பெருமையாக இருக்கிறது.

ஆத்மநாதன்


ஆலங்குடி, ஆரோக்கியம்மாள் டீச்சர் வீட்டிலிருந்து
7-4-1957

அண்ணனுக்கு.

சுகம் விசாரிக்க நேரமில்லை. டீச்சர் கையால் உறையில் போட்டு அனுப்புகிறேன். இதை நான் யாருக்கும் வாசித்துக் காட்டப் போவதில்லை. அதனால் உள்ளதை எழுதுகிறேன்.

மாமா நேற்று உன் ஆறு பக்கத்தையும் களத்தில் நின்று உரக்கப் படித்தார். கோபத்தில் நீ என்று வந்துவிட்டது, அப்படியே இருக்கட்டும். நாகராசுக்குச் சித்திரைக் கடைசியில் பாக்கு மாற்றியே தீருவேன் என்கிறார். அய்யா தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். பிறகு ஊர்க்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். "மாட்டு வாக்குப் பொய்யின்னா போன வருசம் ஒன் மகனுக்குச் சொன்னதும் பொய்தானப்பா? பயல வரச்சொல்லு, ஏர் புடிக்க ஆளில்ல" என்கிறார்கள். உன் பகுத்தறிவு என்னைப் பொன்னமராவதிக்கும் உன்னைக் கீழவயலுக்கும் அனுப்பப் பார்க்கிறது.

மாடு ஏன் தின்னவில்லை என்று மூன்று மாதமாக நீ மண்டையை உடைத்துக்கொள்கிறாய். முகம் என்றாய், மூச்சு என்றாய், என் வியர்வை நாற்றம் என்றாய். மாட்டுக்கு மனசு இருக்கிறதோ இல்லையோ, வயிறு என்று ஒன்று இருக்கிறது, அண்ணே. இரண்டு வெள்ளிக்கிழமையும் காலையில் சாணி அள்ளப் போகிற சாக்கில் கூடையில் ஒரு மரக்கால் பருத்திக்கொட்டையும் அரை மரக்கால் புண்ணாக்கும் கொண்டுபோய், மாடு போதும் போதும் என்று தலையைத் திருப்புகிற வரைக்கும் ஊட்டினேன். ஆத்தா பொறி வைத்துத் தேடுகிற எலி நான்தான்.

மூன்று தடவை மாடு வேண்டாம் என்றால் ஒரு வருஷம் யாரும் கல்யாணப் பேச்சு எடுக்க முடியாது. அதற்குள் பயிற்சியில் சேர்ந்துவிடலாம் என்று நினைத்தேன். வாய்விட்டுக் கேட்கத்தான் உனக்கு எழுதினேன். நீ கேட்கவில்லை. மாடு கேட்டது.

விஞ்ஞானத்தில் மறைக்கிற பேச்சு இல்லை என்றாய். மறைக்காமல் எழுதிவிட்டேன். என்ன செய்யப்போகிறாய்?

சொர்ணவல்லி


திருவல்லிக்கேணி
15-4-1957

தெய்வத்துக்குச் சமமான அய்யா அவர்களுக்குத் தங்கள் மகன் ஆத்மநாதன் சாஷ்டாங்க நமஸ்காரம் செய்து எழுதிக்கொள்வது. நான் சுகம். தங்கள் முழங்கால் சுகத்துக்கும் ஆத்தா சுகத்துக்கும் எழுதச் சொல்லவும். இதை வாசிக்கிறவர் தயவுசெய்து ஒரு சொல்லும் மாற்றாமல் வாசிக்கவும்.

கோயில் மாட்டைப் பற்றி மாமாவுக்கு நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். அதன்பின் இன்னும் ஆழமாக ஆராய்ந்தேன். மாடு இரண்டு தடவையும் வாய் வைக்காததற்குத் தகுந்த காரணம் உண்டு என்பது சந்தேகமில்லாமல் தெரிந்துவிட்டது. அந்தக் காரணம் மாட்டின் உள்ளே இருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியவில்லை. ஆகவே மூன்றாம் தடவையும் முறைப்படி முறம் வைக்க வேண்டும். நடுவில் யாரும் பாக்கு மாற்றக் கூடாது.

மாடு மறுபடி வேண்டாம் என்றால் சொர்ணம் வீட்டில் சும்மா இருக்க வேண்டாம். புதுக்கோட்டையில் ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்பும்படி தங்கள் காலைத் தொட்டுக் கேட்டுக்கொள்கிறேன். இதை ஜனவரி மாதமே எழுதியிருக்க வேண்டும். தவறு என்னுடையது.

லீவுக்கு நான் வரவில்லை. புத்தக வேலை இருக்கிறது. தவிரவும் தங்கள் முன்னால் முகத்தை வைத்துக்கொண்டு நிற்க எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆத்மநாதன்


கீழவயல்
20-5-1957

அன்புள்ள அண்ணனுக்கு நமஸ்காரம். எல்லோரும் சுகம். மாடு ரொம்ப சுகம்.

உங்கள் கடிதத்தை ஒரு சொல்லும் மாற்றாமல் வாசித்தேன். பழக்கமில்லாததால் இரண்டு இடத்தில் தடுக்கியது. அய்யா கேட்டுவிட்டு, "மூணாந்தடவ வெச்சே ஆகணும்" என்று மாமாவுக்குச் சொல்லி அனுப்பினார்.

மாமா லேசுப்பட்ட ஆளா? புதன்கிழமையே இரண்டு ஆட்களோடு வந்து இறங்கினார். "சாமி மாடு வெரதம் இருந்து சுத்தமா மொறத்துக்கு வரட்டும்" என்று மாட்டைத் தன் வண்டிக்குப் பக்கத்தில் கட்டிப்போட்டு, வைக்கோல்கூடக் காட்டாமல் இரண்டு நாள் காவல் வைத்துவிட்டார். நான் சாணிக் கூடையோடு போனபோது, "சாணிய நாங்களே அள்ளிக்கிறோம் தாயி, நீ போ" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பசித்த மாடு கண்ணில் படுகிற முதல் முறத்தில் வாய் வைக்கும். பொன்னமராவதி முறம் இடது பக்கம். மாமா மாட்டை இடது பக்கமாகத்தான் ஓட்டி வருவார். இவ்வளவு நாள் படித்ததெல்லாம் மளிகைக் கடைத் தராசுத் தட்டில் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான். இரண்டு முறத்தையும் விளிம்போடு விளிம்பு ஒட்டி வைத்தேன். யாரும் கவனிக்கவில்லை.

மாட்டை அவிழ்த்ததும் அது நடக்கவில்லை அண்ணே, பாய்ந்தது. அரைக்கால் நிமிஷத்தில் இரண்டு முறமும் காலி. இரண்டு முறத்துக்கும் நடுவே மூக்கைப் புதைத்து அப்படியே வழித்துத் தின்றது. பிறகு வெற்றிலைத் தாம்பாளத்தைத் தின்றது. பிறகு மாமாவின் தோள் துண்டில் பாதி உள்ளே போய்விட்டது. மீதியைப் பிடித்துக்கொண்டு மாமா மாட்டோடு புளியமரம் வரை ஓடினார்.

"மொதல்ல எங்க மொறத்துலதான் வாய் வெச்சுச்சு!" என்று மூச்சிரைக்க வந்து நின்றார். கொடும்பாளூர்க்காரர்கள் சும்மா விடுவார்களா? கொம்பு தங்கள் பக்கம்தான் முதலில் பட்டது என்றார்கள். வேளார் கையை உயர்த்தி, "ரெண்டுலயும் வெச்சா ஒண்ணுலயும் வெக்காத மாதிரிதானுங்க. ஒரு புள்ளைய ரெண்டு வீட்டுக்கா கட்டிக் குடுக்க முடியும்?" என்று தீர்ப்புச் சொன்னார். ஊரே சிரித்தது. முதல் தடவையாக வந்திருந்த கொடும்பாளூர்க் குமாஸ்தாவும் சிரித்தார். சிரிப்பு பரவாயில்லை.

இனிமேல் எழுதப் போவதைத்தான் முதலில் எழுத நினைத்தேன். எல்லோரும் போன பிறகு அய்யா முறத்தைத் தட்டிச் சுத்தம் செய்துகொண்டே, "இனிமே எலிக்குப் பருத்திக்கொட்ட வேண்டியிருக்காதுல்ல?" என்றார்.

நான் இன்னொரு முறத்தை எடுத்துத் தட்ட ஆரம்பித்தேன்.

"போன வருசம் மதராஸ் மொறத்துல எறும்பு மொய்ச்சுச்சு. தவிட்டுக்கு எதுக்குடி எறும்பு வருது? கருப்பட்டித் தண்ணியத் தெளிக்கிறவ ரெண்டு மொறத்துலயும் தெளிச்சிருக்க வேணாமா? நான்தான் கும்பிடுற மாதிரி குனிஞ்சு எறும்பத் தட்டி விட்டேன்."

ஆமாம் அண்ணே. உங்களை மதராஸுக்கு அனுப்பியது அரை வட்டுக் கருப்பட்டி.

"தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தீங்க?" என்று கேட்டேன்.

"எம்மகனப் படிக்க வெக்கப் போறேன்னு ஒங்க மாமன்கிட்டயும் பங்காளிககிட்டயும் சொல்ல எனக்கு வாய் வரல. மாடு சொல்லுச்சு. நல்ல மாடு."

"எனக்கு?"

"ஒனக்கு என்ன வேணும்னு நீ எங்கிட்டச் சொன்னியா? பருத்திக்கொட்டதான் சொல்லுச்சு. அவன் ரெண்டு பக்கம் எழுதுறான், நீ நாலு வரியில வாசிச்சு முடிச்சுர்ற. மிச்சம் எங்க போகுதுன்னு நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

டீச்சரம்மாவை வரச் சொல்லியிருக்கிறார். பயிற்சி இரண்டு வருஷமாயிற்றே, மாட்டு வாக்கு ஒரு வருஷத்துக்குத்தானே செல்லும் என்று ஆத்தா இழுத்தாள். "அடுத்த வருசமும் மாடு இருக்குல்ல" என்றார் அய்யா.

சொர்ணவல்லி


திருவல்லிக்கேணி
28-5-1957

அன்புள்ள சொர்ணத்துக்கு. நான் சுகம் என்று எழுதத் தெரியவில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு மெஸ்ஸில் சாப்பிடாமல் கடற்கரையில் போய் உட்கார்ந்திருந்தேன். சிரித்தேன், கொஞ்சம் அழவும் செய்தேன். பக்கத்தில் சுண்டல் விற்றவன் எழுந்து தள்ளிப் போய்விட்டான்.

அடுத்தவர் மனசு நமக்கு எப்படித் தெரிகிறது என்பது இன்னும் தீராத கேள்வி என்று எங்கள் புரொபசர் சொல்கிறார். எறும்பைப் பார்த்து அய்யா தீர்த்துவிட்டதை அவரிடம் எப்படிச் சொல்வேன்? கட்டுரையைக் கிழித்துவிட்டேன். மாடு என்ன ஆயிற்று என்று கேட்டார். மாட்டுக்கு நல்ல பசி என்றேன். மறுபடி தோளில் தட்டவில்லை.

இரண்டு கேள்வி. ஒன்று, மதராஸ் போக வேண்டும் என்று போன வருஷம் நான் ஒருவரிடமும் சொல்லவில்லையே. அய்யா மனம் கோணக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். உனக்கு எப்படித் தெரிந்தது? இரண்டு, ஊரே சிரித்ததாக எழுதிய பிறகு கொடும்பாளூர்க்காரர் சிரித்ததைத் தனியாக ஏன் எழுதினாய்?

மாட்டுக்கு ஒரு வட்டுக் கருப்பட்டி கொடு, நான் கொடுத்ததாகச் சொல்லி.

ஆத்மநாதன்


ஆசிரியப் பயிற்சி மாணவியர் விடுதி, புதுக்கோட்டை
23-6-1957

அன்புள்ள அண்ணனுக்கு நமஸ்காரம். நான் சுகம். இங்கேயும் சோற்றில் சோடா உப்புப் போடுகிறார்கள், ஆத்தாவிடம் சொல்ல வேண்டாம். அய்யா பஸ்ஸில் கூட வந்து பெட்டியை இறக்கி வைத்தார். வாசலில் நின்று ரொம்ப நேரம் வேப்பமரத்தைப் பார்த்தார். அவர் மரத்தைப் பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வருகிற கடிதத்தை இனிப் போஸ்ட்மாஸ்டர் வாசிப்பார். அவர் உள்ளதை உள்ளபடி வாசிக்கிறவர். பார்த்து எழுதவும்.

உங்கள் கேள்விக்குப் பதில். போன வருஷம் முறம் வைப்பதற்கு மூன்று நாள் முன்னால் உங்கள் பழைய டிரங்குப் பெட்டியின் பூட்டுக்கு எண்ணெய் போட்டீர்கள். இரண்டு வருஷமாகக் கிறீச் என்று கத்திக்கொண்டிருந்த பெட்டி சத்தம் போடாமல் திறந்தது. வீட்டில் எல்லோருக்கும் அது கேட்டது. நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை, நான் கருப்பட்டி எடுத்தேன். நான் மூன்று கடிதத்தில் வாய்விட்டுக் கேட்டேன், நீங்கள் மாட்டின் காதை எண்ணினீர்கள். போகட்டும். இந்த வருஷமாவது பரீட்சையை நன்றாக எழுதுங்கள். படிக்க வேண்டியது உங்களுக்கு இன்னும் நிறைய இருக்கிறது.

கருப்பட்டி கொடுத்துவிட்டேன். நீங்கள் கொடுத்ததாகச் சொன்னேன். மாடு நம்பியது.

கொடும்பாளூர்க்காரர் சிரிப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்த மற்ற விஷயம் பிறகு பார்க்கலாம்.

சொர்ணவல்லி